ரூய்கிரான்ஸ் வழியாக அப்பா

அப்பாவை ஊருக்கு அழைத்துப் போக ரூய்கிரான்ஸ் விமான நிலையம்தான் வசதி என்று வெலென்கோசி தம்பியிடம் சொன்ன காரணம் ஒன்று, மனதில் வைத்திருந்த காரணம் வேறு.

தம்பியிடம் சொன்னது இது: "பெரிய ஏர்போர்ட்ல வெள்ளிக்கிழமைன்னா கால் வைக்க இடம் இருக்காது டுமா. காரை விட்டு இறங்கி உள்ள போறதே தனியா ஒரு பிரயாணம். ரூய்கிரான்ஸ்ல அந்தத் தொல்லையே கிடையாது. போனோமா ஏறினோமான்னு இருக்கும்."

அது பொய்யில்லை. ரூய்கிரான்ஸ், ஜோஹன்னஸ்பர்க்கை விட்டு நன்றாகத் தள்ளி, கோழிப்பண்ணைகளுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரே ஒரு கூடம், ஒரு காபிக் கடை, ஓடுபாதைக்குப் பக்கத்தில் மேய்கிற மாடுகள். நகரத்து நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்றே யாரோ கட்டி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் வெலென்கோசிக்கு நெரிசல் பிரச்சினை இல்லை. அவன் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேலாளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கம்பெனியில் பாதிப் பேர் பெரிய விமான நிலையத்தில்தான் இருப்பார்கள். அவர்கள் எதிரே ஒரு முள்கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பா, இப்ப படி ஏறுறோம், பாத்து வாங்க" என்று அதனிடம் பேசிக்கொண்டு நடக்க அவனால் முடியாது. நினைத்தாலே காது சூடாகியது. அதுதான் காரணம்.

அப்பா ஆல்ஃபியஸ் ஸுங்கு, கரும்பாலையில் எடை மேடை ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர். வைத்தியத்துக்காக மகன் வீட்டுக்கு வந்தவர், ஜோஹன்னஸ்பர்க் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டார். உடம்பு ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அடக்கமும் ஆகி மாதக்கணக்காகிவிட்டது. ஆனால் அப்பா போகவில்லை. வெளியூரில் செத்தவரை, செத்த இடத்துக்கே போய், உம்பஃபாக் கிளையை அங்கே வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும். உம்பஃபா என்பது இலந்தை ஜாதி. அதே இலை, அதே வளைந்த முள். கிளையைத் தூக்குகிறவன் வழியில் மனிதர் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, அப்பாவிடம் மட்டும்தான் பேச வேண்டும். வாசல் வந்தால் வாசல், ஆறு வந்தால் ஆறு, எல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அடக்கத்தின்போது இதைச் செய்யாமல் விட்டதும் வெலென்கோசிதான். "சர்ச்சுல ஜெபம் பண்ணியாச்சில்ல, போதாதா?" என்று கேட்டான். ஆபீசில் வருடக் கடைசி வேலை தலைக்கு மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா, அப்பா எப்போதும் 'மாபியேலா' என்று பிறந்த வீட்டுப் பெயரால் கூப்பிடும் அம்மா, சரியாகத் தூங்கவே இல்லை. கண்ணை மூடினால் அவர் வந்தார். ஆஸ்பத்திரி நடையில், முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும் அந்த அங்கியோடு, வெறுங்காலோடு நின்று, போகிற வருகிறவர்களிடம் வழி கேட்டார். "அவருக்கு இங்கிலீஷ் வராதேடா. யாரைக் கேப்பாரு?" என்று அம்மா போனில் அழுதாள். இப்படி வாராவாரம் அழுதாள். ஆள் பாதியாகிவிட்டாள் என்று தம்பி டுமகூடே சொன்னான். இனிமேலும் தட்டிக்கழித்தால் அம்மாவையும் சேர்த்துப் புதைக்க வேண்டியதுதான் என்று சித்தப்பா சொல்லி அனுப்பினார்.

அதனால்தான் டுமகூடே ஊர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த தன் மினிபஸ்ஸை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிய கிளையோடு ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்தான். கிளையைத் தூக்க வேண்டியது மூத்த மகன். அவனுக்காக ஊரோடு பேச வேண்டியது தம்பி.

ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்த கட்டிலில் இப்போது வேறொரு கிழவர் படுத்திருந்தார். கிளையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கால்களை மடக்கி இடம் விட்டார்.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கப்பா. ரெண்டு பேருக்கு இந்தக் கட்டில் பத்தல."

வெலென்கோசி கட்டிலோரம் குனிந்து, கிளையைத் தலையணைப் பக்கம் வைத்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். நர்சுகள் இரண்டு பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

"அண்ணே, சத்தமாச் சொல்லு. அப்பாவுக்கு இடது காது கேக்காது, மறந்துட்டியா?" என்றான் டுமகூடே.

கட்டிலில் இருந்த கிழவரும், "ஆமாப்பா, எனக்கே கேக்கல" என்றார்.

வெலென்கோசி பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் குரலை உயர்த்தினான். "அப்பா, ஸுங்கு, மன்ஸினி, க்வாபினி. நான் வெலென்கோசி வந்திருக்கேன். எந்திரிங்க. வீட்டுக்குப் போகலாம்." குலப்பெயர்களைச் சொல்லும்போது குரல் தானாகவே உயர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவன் நர்சுகளை மறந்துபோனான். அப்பா எழுந்து செருப்பைத் தேடுகிற மாதிரியே இருந்தது.

வாடகைக் காரில் ஏறியபோதும் ஒழுங்காகச் சொன்னான். காரோட்டி ஸோத்தோ இனத்துக்காரர், கிளையைப் பார்த்ததும் அவரே ரேடியோவை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினார். பாலம் வந்தபோது சொன்னான். நெடுஞ்சாலையில் திரும்பியபோது சொன்னான். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ரூய்கிரான்ஸ் வாசலில் இறங்கியதும் வெலென்கோசி சட்டைப் பையிலிருந்து, போனில் பேச மாட்டிக்கொள்ளும் காதுக்கருவியை எடுத்துக் காதில் மாட்டினான்.

டுமகூடே புரியாமல் பார்த்தான். "இது எதுக்கு? யாருக்காவது போன் பண்ணப் போறியா?"

வெலென்கோசி பதில் சொல்லக் கூடாது. காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, கிளையைக் கோட்டின் மடிப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, "அப்பா, இப்ப உள்ள போறோம்" என்று யாரிடமோ தொலைபேசியில் சொல்வது போல் சாவகாசமாகச் சொன்னான். எதிரே வந்த ஒரு பெண்மணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் டுமகூடேவுக்குப் புரிந்தது.

"அடப்பாவி. அப்பாகூடப் பேசுறதுக்கு வேஷமா?"

வெலென்கோசி கேட்காதது போல் நடந்தான். மூளை நன்றாக வேலை செய்கிறது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. படித்தவனுக்குக் கள்ளத்தனமும் பாலிஷ் போட்டுத்தான் வரும்.

சீட்டு கொடுக்கும் மேசையில் டுமகூடே பேசினான். மேசைப் பெண் வெலென்கோசியிடம் ஏதோ கேட்க, டுமகூடே குறுக்கே புகுந்து பதில் சொல்ல, அவள், "ஏன், அவருக்கு வாய் இல்லையா?" என்று சிரித்தாள்.

"இருக்கும்மா. இன்னிக்கு மட்டும் லீவு."

சோதனை இடத்தில்தான் முதல் கோளாறு. பெல்ட்டைக் கழற்று, காலணியைக் கழற்று, தட்டில் போடு என்று ஒரு இளைஞன் அவசரப்படுத்தினான். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். வெலென்கோசி எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் தட்டில் போட்டான்: பெல்ட், காலணி, சாவி, கிளை. தட்டு ஆடிக்கொண்டே இயந்திரத்துக்குள் போய்விட்டது.

"அண்ணே!" என்று டுமகூடே கத்திய கத்தலில் கூடமே திரும்பியது. "அப்பாவை ஷூவோட சேத்து அனுப்பிட்டியே!"

அதற்குள் தட்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது. வெள்ளைத் துணியின் மேல் காலணி கவிழ்ந்து கிடந்தது. வெலென்கோசி எடுத்துத் தட்டிவிட்டான். "மன்னிச்சுக்கோங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்கருவியும் தட்டில்தான் இருந்தது. அதை மாட்டிக்கொண்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்டான்.

கூடத்தில் நாற்காலிகள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன. ஓரமாக மூன்று சேர்ந்தாற்போல் கிடைத்தன. ஒன்றில் வெலென்கோசி உட்கார்ந்தான். நடு நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்தான். மூன்றாவதில் தன் பையை வைத்துவிட்டு டுமகூடே வயிற்றைத் தடவினான்.

"எண்ணெயில பொரிச்ச மக்வின்யா உருண்டை கிடைக்குமான்னு பாத்துட்டு வர்றேன். இந்த மாதிரி இடத்துல மயிலிறகு கனத்துல ஒரு ரொட்டி வெச்சிருப்பானுங்க. நீ அப்பாவைப் பாத்துக்கோ. எங்க உக்காந்திருக்கோம்னு சொல்லு அவருக்கு."

அவன் போனதும் வெலென்கோசி காதைத் தொட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தான். அக்கம்பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் மாடுகளும் தெரிந்தன. "அப்பா, இது ரூய்கிரான்ஸ். நீங்க வந்து இறங்கின இடம் இல்ல, இது வேற. சின்னதுதான். வெளிய மாடு மேயுது, பாருங்க, நம்ம பக்கத்து மாடு மாதிரியே இருக்கு..." பேசப் பேச அவனுக்கே பிடித்துப்போனது. உயிரோடு இருந்தபோது அப்பாவிடம் இப்படித் தொடர்ந்து பேசியதாக ஞாபகமே இல்லை.

அப்போதுதான் மபாசோ வந்தார்.

வெலென்கோசியின் கம்பெனியில் அவர்தான் மேலே. மண்ணில் பிறந்து மாடிக்கு ஏறியவர் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். சாம்பல் நிற கோட்டு, தட்டைத் தொப்பி, ஒரு கையில் காபி, ஒரு கையில் தோல்பை. பெரிய விமான நிலையத்துக் கூட்டத்துக்குப் பயந்து இப்போதெல்லாம் பெரிய தலைகள் ரூய்கிரான்ஸ் வழியாகத்தான் பறக்கிறார்கள் என்பது வெலென்கோசிக்குத் தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. ஒளிந்துகொள்ள இடம் தேடி நேரே புலியின் வாய்க்குள் போய் உட்கார்ந்திருந்தான்.

மபாசோ அவனைப் பார்த்துவிட்டார். புருவத்தை உயர்த்திச் சிரித்துக்கொண்டே நேரே வந்தார். உட்கார இடம் தேடினார்.

வெலென்கோசி யோசித்துச் செய்யவில்லை. அவன் யோசிக்கும் முன்னே கை செய்துவிட்டது. நடு நாற்காலியிலிருந்த கிளையை எடுத்துக் கீழே, நாற்காலிக்கு அடியில் தள்ளியது.

அவன் காதில் கருவி இருப்பதைப் பார்த்த மபாசோ, பேசி முடி, நான் காத்திருக்கிறேன் என்று கையால் காட்டினார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர்.

"இல்ல சார்," என்றான் வெலென்கோசி காதுக்கருவியைப் பிடுங்கிக்கொண்டே, "முக்கியமான ஆள் யாருமில்ல. நீங்க உக்காருங்க."

மபாசோ உட்கார்ந்தார்.

சொன்ன சொல் காதில் விழுந்த பிறகுதான் வெலென்கோசிக்கு உறைத்தது. வாயைத் திறந்தது ஒரு தப்பு. திறந்து சொன்னது என்ன? ஆனால் மபாசோ பேச ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமைக் கூட்டம், துறைமுகத்துக்காரர்களின் புதுப் பாலிசி, ரிச்சர்ட்ஸ் பேயில் நாளைக்குப் பார்க்க வேண்டிய ஆள். வெலென்கோசி ஆமாம் சார், பார்க்கலாம் சார் என்று பதில் சொன்னான். ஒரு வார்த்தை போன பிறகு பத்து வார்த்தைக்கு என்ன கணக்கு?

"ஊருக்கா?"

"ஆமா சார். அம்மாவப் பாக்க."

"அப்பா எப்படி இருக்கார்?"

"அவர்... தவறிட்டார் சார். போன வருஷக் கடைசியில."

மபாசோ காபியைக் கீழே இறக்கினார். "எங்கிட்ட யாருமே சொல்லலையே. நீங்க லீவுகூட அதிகமா எடுத்த மாதிரி தெரியலையே, வெலே."

"வேலை இருந்துச்சு சார்" என்றான் வெலென்கோசி. அதைப் பெருமையாகத்தான் சொல்லிப் பழகியிருந்தான். இப்போது கேட்டபோது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

விமானத்துக்கு அழைத்தார்கள். மபாசோ எழுந்தார். ஓரடி வைத்தவர் நின்றார். காற்சட்டையின் கீழ்மடிப்பை எதுவோ பிடித்து இழுத்தது. தோல்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

துணி விலகி, கிளை பாதி வெளியே வந்திருந்தது. வளைந்த முள் ஒன்று அவர் காற்சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

மபாசோ அப்படியே முட்டி போட்டார். தொப்பியைக் கழற்றினார். ஆபீசில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசாத மனிதர். இப்போது வாயில் வந்தது வீட்டு மொழி.

"யாரு இவரு?"

வெலென்கோசியும் பக்கத்தில் குனிந்தான். "அப்பா" என்றான்.

மபாசோ முள்ளை இழுக்கவில்லை. துணியைத்தான் கிழித்துக்கொண்டு விடுவித்தார். கிளையை இரண்டு கையாலும் எடுத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதி, வெள்ளைத் துணியைச் சுற்றினார். "மன்னிக்கணும், மன்ஸினி. தெரியாம உங்க இடத்துல உக்காந்துட்டேன்" என்றார் கிளையைப் பார்த்து. ஸுங்கு என்ற பெயருக்குரிய குலப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் வெலென்கோசியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"போன்ல பேசிட்டிருந்தது இவரோடயா?"

வெலென்கோசி காதுக்கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அது உள்ளே போவதை மபாசோ பார்த்தார். இரண்டு கையாலும் கிளையை அவனிடம் நீட்டினார். அந்த நேரத்தில்தான் டுமகூடே இரண்டு இறைச்சி பப்ஸும் டீயுமாக வந்து சேர்ந்தான். தொப்பியில்லாமல், தலைகுனிந்து, கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய மனிதரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. காதோடு சொன்னான்: "பாத்தியா அண்ணே? எவ்வளவு பெரிய ஆளு, அப்பாவுக்கு எப்படி மரியாதை குடுக்குறாரு. நீதான் வெக்கப்பட்டுச் செத்த."

மபாசோ விலகி நின்று, வரிசையில் அவர்களை முன்னால் விட்டார். "அவர் முதல்ல போகட்டும்" என்றார் டுமகூடேவிடம்.

படியில் ஏறும்போது சொல்லியிருக்க வேண்டும். வெலென்கோசியால் முடியவில்லை. பின்னால் மபாசோ வந்துகொண்டிருந்தார். இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை, சத்தமாகவே சொல்லலாம். ஆனால் இப்போது வாய் திறந்தால் அது அப்பாவுக்காக இருக்காது, மபாசோவுக்காக இருக்கும். அந்த அளவுக்காவது அவனுக்குத் தன்னைத் தெரிந்தது.

உட்கார்ந்தான். கிளையை மடியில் வைத்தான். விமானம் கிளம்பியது, எழும்பியது. மாடுகள் சின்னதாகி மறைந்தன. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச யார் இருக்கிறார்கள்? அப்பா மடியில் இருக்கிறாரா, கீழே அந்தக் கூடத்திலேயே நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு வந்தோமா? யாருமில்லை என்று மகனே வாயால் சொன்ன பிறகு எந்த அப்பா கூட வருவார்? ஆஸ்பத்திரி நடையாவது அவருக்குப் பழகின இடம். இது என்ன இடம் என்றுகூடத் தெரியாது. கையிலிருப்பது வெறும் குச்சியென்றால், இனி அம்மாவின் கனவில் அவர் ரூய்கிரான்ஸில் நின்று வழி கேட்பார்.

"ஏறினதச் சொல்லிட்டியா?" என்றான் டுமகூடே, பப்ஸை மென்றுகொண்டே.

வெலென்கோசி தலையாட்டினான். பொய் சொல்லப் பேச்சு வேண்டியதில்லை.

ரிச்சர்ட்ஸ் பேயில் இறங்கியதும் மபாசோ யாரையும் பார்க்காமல் போய்விட்டார். சித்தப்பா மகன் பிக்கப் வண்டியோடு காத்திருந்தான். நகரம் தாண்டி, கரும்புக்காட்டுக்குள் வண்டி திரும்பியதும் வெலென்கோசிக்கு வாய் வந்தது. "அப்பா, ஆறு கடக்குறோம்! மன்ஸினி, க்வாபினி, இது உம்லாலசி ஆறு! இப்ப மேடு ஏறுறோம்!" தொண்டை கிழியக் கத்தினான். டுமகூடே, "ஆங், இதுதான் பேச்சு" என்று முதுகில் தட்டினான். ஆளில்லாத ரோட்டில் யாருக்குத்தான் வீரம் வராது? கத்தக் கத்த வெலென்கோசிக்கு அழுகை முட்டியது. பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. கையில் கிளை கிளையாகவே இருந்தது.

வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே சோள பீர் நுரைத்துக்கொண்டிருந்தது, ஆடு கட்டிக் கிடந்தது. சித்தப்பா முன்னால் வந்தார்.

"கூட்டி வந்தியா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எல்லோரும் காறித் துப்பியிருப்பார்கள். திரும்பிப் போ, ரூய்கிரான்ஸ் தரையில் விழுந்து கூப்பிட்டு அழைத்து வா என்று விரட்டியிருப்பார்கள். அவனும் போயிருப்பான். ஆனால் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் அம்மா நின்றாள். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போயிருந்தது. அவள் பார்த்தது மகனை இல்லை, கிளையை.

"கூட்டி வந்தேன்" என்றான்.

பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா கிளையை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்குவதுபோல் உள்ளே எடுத்துப் போய், வட்டக் குடிலின் பின்சுவரோரம் முன்னோர் இடத்தில் வைத்தாள். "வந்துட்டீங்களா? ஏன் இவ்வளவு நாளு?" என்று கேட்டுக்கொண்டே இலைகளைத் தடவினாள். வெலென்கோசியால் அங்கே நிற்க முடியவில்லை. ஆட்டை அறுத்தார்கள், அவன் தன் பங்கு இறைச்சியைப் பக்கத்திலிருந்த பையன் தட்டில் வைத்தான். வெறும் குச்சிக்கு ஆடு அறுக்க வைத்துவிட்டேன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் வெயில் ஏறியும் அம்மா எழுந்திருக்கவில்லை. எப்போதும் கோழிக்கு முன்னால் எழுகிறவள். எழுப்பலாமா வேண்டாமா என்று வெலென்கோசி குடில் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவ வந்து, அவர்களும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் கதவு திறந்தது. அம்மா வந்து வெயிலில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது, தூக்கத்தின் வீக்கம்.

"செத்தவ மாதிரி தூங்கிட்டேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. "அவரு வந்தாருடா வெலே. நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு, செருப்பு போட்டுக்கிட்டு, நம்ம வாசல் வழியாத்தான் வந்தாரு."

வெலென்கோசி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வந்துவிட்டார். அவ்வளவு செய்தும் வந்துவிட்டார்.

"முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. என்னாச்சுன்னு கேட்டேன். ஏர்போர்ட்ல கொஞ்ச நேரம் கீழ உக்காந்திருந்தேன், தரை ஜில்லுன்னு இருந்துச்சுன்னாரு. ஏன் கீழ உக்காந்தீங்க, நாற்காலி இல்லையான்னு கேட்டேன். 'இருந்துச்சு மாபியேலா. பையனோட ஆபீஸ் ஆளு, ரொம்பப் பெரிய மனுஷன் ஒருத்தர் வந்தாரு. பையன் வாய்விட்டுச் சொல்லல, எனக்கே புரிஞ்சுது. எந்திரிச்சு அவருக்கு எடம் குடுத்துட்டேன்'னாரு. அதச் சொல்றப்ப அவரு மூஞ்சியப் பாக்கணுமே! நம்ம பிள்ளை யார் யார்கூடல்லாம் சரிசமமா உக்காந்து பேசுறான் பாத்தியான்னு அவ்வளவு பெருமை."

வெலென்கோசி குடிலுக்குள் எட்டிக் கிளையைப் பார்த்தான். "டுமா ஏதாவது சொன்னானாம்மா?" என்றான்.

"அவன் எங்க சொன்னான்? வந்ததுலேருந்து குடிச்சுட்டுக் குறட்டை." அம்மா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "நிஜமாவே யாராவது வந்தாங்களாடா?"

"ஆமாம்மா. எங்க கம்பெனிப் பெரியவரு."

அவ்வளவுதான். அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "கேட்டீங்களாடி? கம்பெனி மொதலாளிக்கே எங்க வீட்டுக்காரரு எடம் குடுத்திருக்காரு!" பாத்திரம் கழுவ வந்தவர்கள் பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் குலவையிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்து என்ன என்று கேட்டாள். அவளுக்கும் அம்மா முதலிலிருந்து சொன்னாள். மதியம் சர்ச் ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கும் சொன்னாள். கரும்பாலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லும்போது மகனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள். இனி கல்யாணம், கருமாதி, எது வந்தாலும் அவள் இதைச் சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அப்பா எழுந்து இடம் கொடுக்கிற கட்டம் வரும்போது, வெலென்கோசி தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு பெரிய வேலையில் இருந்தும் பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று ஊர் மெச்சியது.